வெள்ளவத்தைக் கூரைகளும் விழுந்துகொண்டே இருக்கும் செய்மதிகளும்

வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு தொடர்மாடியின் உச்சிக்கு ஏறினால் கண்ணில் படுபவை கடல், கறுப்புத் தண்ணீர்த் தாங்கிகள், கொடியில் காயும் உடுப்புகள், அப்புறம் டிஷ்கள். எல்லா டிஷ்களும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி நிற்கும். ஒஸ்லோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணா தன் பல்கனியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதில் டிஷ் நேரே எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் கோபிக்க மாட்டாரா என்று கேட்டேன்.

காரணம் எளிது. ரீவி தரும் செய்மதிகள் எல்லாம் பூமியின் மத்திய கோட்டுக்கு மேலே, 35,786 கிலோமீற்றர் உயரத்தில், ஒரே வளையத்தில் இருக்கின்றன. கொழும்பு மத்திய கோட்டில் இருந்து 6.9 பாகைதான் வடக்கே. நம்முடைய நெட்டாங்கிலேயே, அதாவது நமக்கு நேர் தெற்கே, ஒரு செய்மதி இருந்தால், அது தொடுவானத்தில் இருந்து 82 பாகை உயரத்தில் தெரியும். உச்சிக்கு வெறும் 8 பாகை குறைவு. அதே கணக்கை மற்ற ஊர்களுக்குப் போட்டால், அந்தந்த ஊரின் நெட்டாங்கில் இருக்கும் செய்மதி ரொறன்ரோவில் 40 பாகை, லண்டனில் 31, ஒஸ்லோவில் 22. வீட்டு டிஷ்களில் சிக்னலை வாங்கும் பகுதி நடுவில் இல்லாமல் கீழே ஒரு கையில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் டிஷ் பார்ப்பதாகத் தெரியும் திசையை விட இருபது, இருபத்தைந்து பாகை மேலே இருந்துதான் சிக்னல் வருகிறது. 22இல் இருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது எதிர்வீட்டு ஜன்னல்தான்.

வருடத்தில் இரண்டு தடவை, பங்குனி நடுப்பகுதியிலும் புரட்டாதிக் கடைசியிலும், பகலில் சில நிமிடங்கள் ரீவிப் படம் உடைந்துபோகும். சில நாட்கள் தொடர்ந்து அப்படி நடக்கும். சூரியன் அப்போது சரியாகச் செய்மதிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. அதன் இரைச்சலில் செய்மதியின் குரல் அமுங்கிவிடுகிறது. அந்த நாட்களில் டிஷ் திருத்துபவரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டாம். அவர் ஏணியில் ஏறி முடிப்பதற்குள் தானாகவே சரியாகிவிடும்.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் என் அக்காவின் மகளுக்கு இதை மாடியில் வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “ஏன் மாமா, கொழும்புக்கு நேர மேலேயே ஒண்டை நிப்பாட்டேலாதோ?”

ஏலாது. ஏன் ஏலாது என்பதில்தான் வட்ட இயக்கப் பாடம் முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் ரியூசன் வகுப்பில் அந்தப் பாடம் இப்படித் தொடங்குவதில்லை. ஒரு இழை, அதன் நுனியில் ஒரு திணிவு, ஒரு வட்டம். கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தால் மையநாட்ட ஆர்முடுகல், அதாவது மையத்தை நோக்கி வேகம் மாறும் வீதம். அதைத் திணிவால் பெருக்கினால் மையநாட்ட விசை. பலகையில் சட்டகம் போட்டு எழுதிவிட்டு, போன வருட வினாத்தாளுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் படத்தில் இழுவிசையைக் குறிப்பார்கள், நிறையைக் குறிப்பார்கள், அதற்கு மேலே மையநாட்ட விசை என்று மூன்றாவதாக ஒரு அம்புக்குறியும் போடுவார்கள். அங்கேதான் புள்ளி போகும்.

மாப்பிள்ளைத் தோழன் என்று தனியாக ஒருவர் பிறப்பதில்லை. மச்சானோ தம்பியோ யாரோ ஒருவர் அன்றைக்கு அந்த இடத்தில் நிற்கிறார். மையநாட்ட விசையும் அப்படித்தான். இழையில் கட்டிய கல்லுக்கு இழுவிசை அந்த இடத்தில் நிற்கிறது, வளைவில் திரும்பும் பஸ்ஸுக்கு ரயரின் உராய்வு, சந்திரனுக்கு ஈர்ப்பு. அப்படி நிற்க ஆள் இல்லாவிட்டால் வட்டமும் இல்லை.

லிப்டன் சுற்றுவட்டத்தில் பஸ் வேகமாகத் திரும்பும்போது நின்றுகொண்டு வருபவர்கள் எல்லாரும் வெளிப்பக்கம் சாய்வார்கள். நம்மை யாரோ வெளியே தள்ளுவது போல இருக்கும். யாரும் தள்ளவில்லை. உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது, பஸ் அதற்குக் கீழே உள்ளே திரும்பிப் போகிறது, அவ்வளவுதான். மணிக்கு 30 கிலோமீற்றரில் 20 மீற்றர் ஆரையில் திரும்பினால் உள்நோக்கிய ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 3.5 மீற்றர், ஈர்ப்பு ஆர்முடுகலின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. மழை பெய்த ரோட்டில் ரயர் அவ்வளவு கொடுக்காது. முச்சக்கர வண்டிக்கு இன்னொரு பிரச்சினையும் உண்டு: முன்னால் ஒற்றைச் சில்லு என்பதால் அது கவிழும் கோடு முன்சில்லில் இருந்து வெளிப்பக்கப் பின்சில்லுக்குச் சரிவாகப் போகிறது. நான்கு சில்லு வண்டியை விட அந்தக் கோடு வண்டியின் நடுவுக்குக் கிட்ட. அதுதான் வழுக்குவதற்கு முன்பே கவிழ்ந்து விடுகிறது.

சரி, பஸ்ஸில் இருந்து வானத்துக்குப் போவோம். நான் பாடம் எடுத்தால் இழையையும் கல்லையும் விட்டுவிட்டு, விழுவதில் இருந்துதான் தொடங்குவேன்.

கையில் இருக்கும் எதையும் விட்டால் முதல் செக்கனில் 4.9 மீற்றர் விழும். அதைக் கிடையாக எறிந்தாலும் அந்தச் செக்கனில் அதே 4.9 மீற்றர்தான் விழும். எவ்வளவு தூரம் போனது என்பதற்கும் எவ்வளவு விழுந்தது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் பூமி தட்டை இல்லை. நேர்கோட்டில் கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர் போனால், சரியாக 7.9, பூமியின் மேற்பரப்பு அந்த நேர்கோட்டுக்குக் கீழே 4.9 மீற்றர் இறங்கியிருக்கும். காலிமுகத்திடலில் இருந்து தெஹிவளைச் சந்தி வரை அவ்வளவுதான் தூரம். ஆகவே காற்றே இல்லாத ஒரு பூமியில், காலிமுகத்திடலில் இருந்து ஒரு செக்கனில் தெஹிவளையைக் கடக்கும் வேகத்தில் ஒரு கல்லை எறிந்தால், அது 4.9 மீற்றர் விழும், நிலமும் 4.9 மீற்றர் விலகியிருக்கும். கல் தொடங்கிய உயரத்திலேயே இருக்கும். அடுத்த செக்கனிலும் அதே கதை. அது விழுந்துகொண்டே இருக்கும், நிலத்தைத் தொடவே தொடாது. பின்னேரம் காலி வீதியில் அதே தூரத்துக்கு ஒரு மணித்தியாலம் போகிறது என்பது வேறு விசயம்.

இதிலேயே சூத்திரமும் வந்துவிடுகிறது. தொடுகோட்டில் போன தூரத்தின் வர்க்கத்தை விட்டத்தால் வகுத்தால், வட்டம் அந்தக் கோட்டில் இருந்து எவ்வளவு இறங்கியது என்று கிடைக்கும். அந்த இறக்கம், ஆர்முடுகலின் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கியதற்குச் சமம். இரண்டையும் சமப்படுத்தினால் நேரம் வெட்டுப்பட்டுப் போய், கதியின் வர்க்கத்தை ஆரையால் வகுத்தது மட்டும் மிஞ்சும். மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லை. மருமகளுக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டியபோது, “இதை ஏன் சேர் சொல்லித் தரேல்லை?” என்றாள். சேருக்கு இருநூறு பிள்ளைகள், கிழமைக்கு ஒரு வகுப்பு. நான் சேரைக் குறை சொல்லவில்லை.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆட்கள் மிதப்பதைப் பார்த்து அங்கே ஈர்ப்பு இல்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அது இருப்பது 400 கிலோமீற்றர் உயரத்தில்தான். அங்கே ஈர்ப்பு ஆர்முடுகல் 8.7; தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 90 சதவீதம். நிலையம், அதில் உள்ளவர்கள், அவர்களின் பேனா எல்லாம் சேர்ந்து ஒரே அளவில் விழுகின்றன, அதனால் மிதக்கின்றன. 2019 ஆனி மாதம் நம்முடைய இராவணா-1 என்ற ஒரு கிலோகிராம் அளவு செய்மதியையும் அந்த நிலையத்தில் இருந்துதான் வெளியே தள்ளிவிட்டார்கள். எஞ்சின் ஒன்றும் தேவைப்படவில்லை. நிலையத்தின் வேகம் அதற்கு ஏற்கெனவே இருந்தது.

இந்த விழுதல் என்ற எண்ணத்தைச் சந்திரன் வரை கொண்டுபோனவர் நியூற்றன். ஆப்பிள் கதை எல்லாருக்கும் தெரியும். கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கு ஆப்பிளை விடக் கணக்குத்தான் பிடிக்கும். சந்திரன் பூமியின் ஆரையைப் போல 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது, 27.3 நாளில் ஒரு சுற்று. இந்த இரண்டும் தெரிந்தால் அது ஒரு செக்கனுக்கு எவ்வளவு விழுகிறது என்று கண்டுபிடிக்கலாம்: 1.4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தரையில் 4.9 மீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 3600. அதாவது 60இன் வர்க்கம். தூரம் 60 மடங்கு, இழுவை 3600 மடங்கு குறைவு. மாங்காயை விழுத்துவதும் சந்திரனைச் சுற்ற வைப்பதும் ஒரே இழுவை என்று சொல்வதற்கு இதை விடச் சுருக்கமான சான்று எனக்குத் தெரியாது.

இளம் வயதில் நியூற்றன் இதைச் செய்து பார்த்தபோது விடை சரியாகப் பொருந்தவில்லை என்று, அவருடைய நூலின் கடைசிப் பதிப்பைத் திருத்திய பெம்பர்ட்டன் பிற்காலத்தில் எழுதினார். பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகைக்கு 60 மைல் என்ற பழைய கணக்கை எடுத்ததுதான் கோளாறு, உண்மையில் 69. 1671இல் பிக்கார் என்ற பிரெஞ்சுக்காரரின் அளவீடு வெளிவந்த பிறகுதான் நல்ல எண் கிடைத்தது.

இன்னொருவர் பெயரையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஹூக் என்றால் வில் தராசும் ஹூக்கின் விதியும் மட்டும்தான். சுற்றும் கோளின் இயக்கத்தை, தொடுகோட்டில் நேராகப் போவது ஒன்று, மையத்தை நோக்கி இழுபடுவது ஒன்று என இரண்டாகப் பிரித்துப் பார் என்று 1679இல் நியூற்றனுக்குக் கடிதம் எழுதியவர் அவர்தான். அதுவரை நியூற்றனும் டச்சு அறிஞர் ஹைஜன்ஸும் வெளிநோக்கித் தள்ளுவதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இருவருக்கும் சண்டை வந்ததும், ஹூக்குக்குச் சேர வேண்டிய பெயர் குறைந்து போனதும் வேறு கதை. கணக்கைப் போட்டு நிறுவியது நியூற்றன். ஆனால் கேள்வியைச் சரியாகத் திருப்பி வைத்தது ஹூக் என்பது என் கட்சி. 1684இல் வானியலாளர் ஹலி போய்க் கேட்டிருக்காவிட்டால் அந்தக் கணக்கும் மேசை லாச்சிக்குள்ளேயே கிடந்திருக்கும். அது இருக்கும் நியூற்றனின் நூலான பிரின்சிப்பியா வந்தது 1687இல்.

இப்போது மருமகளின் கேள்விக்கு வரலாம். கொழும்புக்கு நேர் மேலே எப்போதும் நிற்க வேண்டும் என்றால், அந்தச் செய்மதி கொழும்போடு சேர்ந்து நாளுக்கு ஒரு வட்டம் போட வேண்டும். கொழும்பு போடும் வட்டத்தின் மையம் பூமியின் மையத்தில் இல்லை. அது பூமியின் அச்சில், மையத்துக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் ஒரு செய்மதிக்கு அந்த மையம் 5,000 கிலோமீற்றருக்கும் மேல் வடக்கே வரும். ஆனால் ஈர்ப்பு இழுப்பது பூமியின் மையத்தை நோக்கி. வட்டத்தின் மையத்துக்கு இழுக்க அங்கே ஆள் இல்லை. ஆகவே அது தெற்கே சரியும், மத்திய கோட்டைத் தாண்டும், பிறகு திரும்பி வடக்கே வரும். தரையில் இருந்து பார்த்தால் நாளுக்கு ஒரு முறை வானத்தில் எட்டு என்ற இலக்கத்தைப் போடும். 1963இல் ஏவிய சிங்கொம்-2 அப்படித்தான் எட்டுப் போட்டது. அடுத்த வருடம் போன சிங்கொம்-3தான் மத்திய கோட்டுக்கு மேல் அசையாமல் நின்ற முதல் செய்மதி. தன் வட்டத்தின் மையமும் பூமியின் மையமும் ஒன்றாக இருக்கும் ஒரே அகலாங்கு மத்திய கோடு. ஆகவே எல்லாரும் அங்கேதான் நெருக்கி இருக்க வேண்டும்.

உயரம் ஏன் 35,786? அதையும் சந்திரனிடமே கேட்கலாம். சுற்றும் காலத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்தோடு போகும் என்பது 1619இல் கெப்ளர் வெளியிட்ட விதி. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 செக்கன். சந்திரனின் காலம் அதைப் போல 27.4 மடங்கு. வர்க்கம் சுமார் 750, அதன் கனமூலம் 9.09. சந்திரனின் தூரமான 384,400 கிலோமீற்றரை 9.09ஆல் வகுத்தால் சுமார் 42,300. உண்மை விடை, பூமியின் மையத்தில் இருந்து 42,164. ஒரு கல்குலேற்றரும் சந்திரனும் போதும், ஆயிரத்தில் மூன்று பங்கு பிழையோடு விடை வருகிறது. அந்தச் சிறு பிழைக்கும் பெரும்பாலும் சந்திரனே பொறுப்பு: அதன் திணிவு பூமியின் 81இல் ஒரு பங்கு, கணக்கில் விட்டுவிடக்கூடிய அளவு சிறியது இல்லை. அந்த வளையத்தில் செய்மதியின் வேகம் செக்கனுக்கு 3.07 கிலோமீற்றர். விழுவது செக்கனுக்கு 11 சென்ரிமீற்றர். நம் கண்ணுக்கு நிற்கிறது.

இந்த வளையத்துக்குச் சொந்தக்காரர் போல ஒருவர் கொழும்பிலேயே இருந்தார். ஆர்தர் சி. கிளார்க் 1945 ஒக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ சஞ்சிகையில், மத்திய கோட்டுக்கு மேல் 120 பாகை இடைவெளியில் மூன்று நிலையங்கள் வைத்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதினார். அதற்கு அவருக்குக் கிடைத்தது 15 பவுண். 1956இல் இலங்கைக்கு வந்து, பிறகு பார்ன்ஸ் பிளேசில் குடியிருந்து, 2008இல் இங்கேயே இறந்தார். பொரளை கனத்தையில் அடக்கம். வளையத்தை முதலில் கணக்கிட்டவர் அவர் இல்லை. ஸ்லோவேனியரான பொட்டோச்னிக் 1928இலேயே எழுதியிருக்கிறார். கணக்கு நியூற்றனுடையது, அதைப் போட யாராலும் முடியும். அந்த இடத்தில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு நிலையத்தை வைத்தால் அது உலகம் முழுவதற்கும் உதவும் என்று கண்டதுதான் கிளார்க்கின் கெட்டித்தனம். ஆனால் எரிந்துபோகும் ரேடியோ வால்வுகளை மாற்ற அங்கே ஆட்கள் தங்கியிருக்க வேண்டும் என்றும் அவர் நினைத்தார். திரான்சிஸ்ரர் வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1975இல் இந்தியா, கடன் வாங்கிய அமெரிக்கச் செய்மதி ஒன்றின் மூலம் கிராமங்களுக்கு ரீவி காட்டும் சோதனையைத் தொடங்கியது. அப்போது இஸ்ரோ பொறியியலாளர்கள் கிளார்க்கின் வீட்டில் ஒரு பெரிய டிஷ்ஷைக் கொண்டுவந்து பூட்டினார்கள். இலங்கையில் ரீவி ஒளிபரப்பு தொடங்கியதே 1979இல். நாலு வருடம் முந்தியே கறுவாத் தோட்டத்தில் ஒரு வீட்டில் விண்ணில் இருந்து படம் வந்துகொண்டிருந்திருக்கிறது. அந்தச் செய்மதி 35 பாகை கிழக்கில், அதாவது நமக்கு நன்றாக மேற்கே இருந்தது. தொடுவானத்தில் இருந்து 38 பாகைதான் வரும். இன்றைக்குக் கூரைகளில் இருக்கும் டிஷ்களோடு பார்த்தால் அது தாழ்ந்த பார்வை.

செய்மதியின் தூரத்தைக் காதால் கேட்ட தலைமுறை எங்களுடையது. தொண்ணூறுகளில் வெளிநாட்டு அழைப்புக்காகக் கொமினிகேஷன் கடைகளில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும்: “ஹலோ” என்றால் பதில் வராது, இன்னொரு “ஹலோ” சொல்லும்போது முதலாவதற்கான பதில் வந்து மோதும். குரல் மேலே போய்க் கீழே வரக் கால் செக்கன், பதிலுக்கு இன்னொரு கால் செக்கன். கோபித்துக்கொண்டு மௌனமாகிவிட்டாரோ என்று நினைக்க அந்த அரைச் செக்கன் போதும். கடலடிக் கேபிள்கள் வந்த பிறகு அது போய்விட்டது. எத்தனை மனத்தாங்கல்கள் 35,786 கிலோமீற்றரால் வந்தவை என்று யார் கணக்கெடுத்தார்கள்?

ஒரு சின்ன விலகல். செய்மதி மட்டுமா சுற்றுகிறது? கொழும்பும் செக்கனுக்கு 462 மீற்றர் வேகத்தில் கிழக்கே போகிறது. இந்த வட்டத்தில் நம்மை வைத்திருக்க ஈர்ப்பில் ஒரு சிறு பங்கு செலவாகிறது. செக்கனுக்குச் செக்கன் 3.4 சென்ரிமீற்றர். அதோடு பூமி நடுவில் பருத்திருப்பதால் நாம் மையத்தில் இருந்து சற்றுத் தள்ளி நிற்கிறோம். இரண்டும் சேர்ந்து, லண்டனில் 9.81ஆக இருக்கும் ஈர்ப்பு ஆர்முடுகல் கொழும்பில் 9.78. முதலில் இதைக் கண்டவர் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர். 1672இல் பரிஸ் நகரத்தில் இருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்கு அவர் கொண்டுபோன ஊசல் மணிக்கூடு நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பிந்தியது. கயேன் கிட்டத்தட்ட நம்முடைய அகலாங்குதான். பூமி துருவப் பக்கங்களில் சற்றுச் சப்பியிருக்க வேண்டும் என்று நியூற்றன் வாதாட இது உதவியது.

கொழும்பின் நகைக்கடைகள் இருக்கும் செட்டியார் தெருவில் இதற்கு விலை உண்டு. தட்டுத் தராசு ஒரு திணிவை இன்னொரு திணிவோடு ஒப்பிடுவதால் அது எங்கே வைத்தாலும் ஒன்றுதான். இலத்திரன் தராசு உண்மையில் அளப்பது விசையை. லண்டனில் சரிபார்த்த தராசை அப்படியே கொண்டுவந்து இங்கே 8 கிராம் பவுணை வைத்தால் 7.975 கிராம் என்று காட்டும். 25 மில்லிகிராம் தங்கம் காணாமல் போனது போல இருக்கும். அதனால்தான் அந்தத் தராசுகளைப் பாவிக்கும் ஊரிலேயே நியமப் படிகளை வைத்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நான் இவ்வளவும் எழுதத் தொடங்கியதே இனிச் சொல்லப்போவதற்காகத்தான். பூமியின் மத்திய கோடு சரியான வட்டம் இல்லை. மிகச் சிறிய அளவில் நீள்வட்டம். அதன் ஒடுங்கிய பக்கங்களில் ஒன்று சுமார் 75 பாகை கிழக்கு, அதாவது மாலைதீவுக்கும் நமக்கும் இடையில். மற்றது அதற்கு நேர் எதிரே, 105 பாகை மேற்கு. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் ஈர்ப்பு உலகிலேயே வித்தியாசமாக இருக்கிறது. அங்கே கடல் மட்டம், பூமியை ஒழுங்கான வடிவமாக எடுத்தால் இருக்க வேண்டியதை விட நூறு மீற்றருக்கும் மேல் தாழ்வு. கப்பலில் போனால் தெரியாது, ஏனென்றால் ‘கிடை’ என்பதும் கூடவே சாய்கிறது. கீழே புவி மூடகத்தில் அடர்த்தி குறைந்த சூடான பாறை இருப்பதுதான் காரணம் என்று 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் கணினி மாதிரி மூலம் காட்டினார்கள்.

ஒடுங்கிய பக்கத்துக்கு மேலே உள்ள செய்மதிகளைப் பருத்த பக்கங்கள் தம் பக்கம் இழுக்க வேண்டும் அல்லவா? இழுக்கின்றன. 85 பாகை கிழக்கில் எரிபொருள் தீர்ந்த ஒரு செய்மதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே இருக்கும் பருத்த பக்கம் அதை முன்னோக்கி இழுக்கிறது. அது கிழக்கே ஓட வேண்டும். ஓடுவதில்லை. முன்னோக்கி இழுபட்டால் அதற்குச் சக்தி கூடும். சக்தி கூடினால் மேலே ஏறும். மேலே ஏறினால் வட்டம் பெரிதாகி, வேகமும் குறைந்து, ஒரு சுற்றுக்கு ஒரு நாளை விடக் கூடுதலாக எடுக்கும். ஆகவே பூமியை விடப் பிந்தி, மேற்கே நகரும். 65 பாகையில் இருப்பது பின்னோக்கி இழுபட்டு, கீழே இறங்கி, வேகம் கூடி, கிழக்கே வரும். இரண்டும் 75ஐ நோக்கித்தான் வருகின்றன. வந்து, கடந்து, திரும்பி, வருடக்கணக்கில் ஊசலாடும். இழுத்த திசைக்கு எதிர்த் திசையில் போகும் இந்தக் குணம், பாடத்தில் ஈர்ப்பையும் வட்ட இயக்கத்தையும் தனித்தனியே படித்தவர்களுக்கு மாயம் போலத்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறு வழியே இல்லை.

2010 சித்திரையில் கலக்ஸி-15 என்ற செய்மதி 133 பாகை மேற்கில் கட்டுப்பாட்டை இழந்தது. ஒலிபரப்பை நிறுத்தாமலேயே கிழக்கே, அந்த 105ஐ நோக்கி நகர ஆரம்பித்தது. வழியில் இருந்த மற்றச் செய்மதிக்காரர்கள் எல்லாரும் பதறினார்கள். மார்கழியில் மின்கலம் தீர்ந்து தானாக மீண்டும் தொடங்கிய பிறகுதான் கைக்கு வந்தது. கட்டுப்பாட்டில் இருக்கும் செய்மதிகளும் சும்மா நிற்பதில்லை. கிழக்கு மேற்காக நகராமல் இருக்க வருடத்துக்கு அதிகபட்சம் செக்கனுக்கு 2 மீற்றர் அளவு வேகத் திருத்தம் போதும். 75 பாகையில் அதுவும் தேவையில்லை. சந்திரனும் சூரியனும் வடக்கே தெற்கே சாய்ப்பதைத் தடுக்கத்தான் பெரிய செலவு. அது வருடத்துக்குச் சுமார் செக்கனுக்கு 50 மீற்றர். எரிபொருள் முடியப்போகிறது என்றால் மிச்சத்தைக் கொண்டு 300 கிலோமீற்றர் அளவு மேலே தள்ளி, வளையத்தை விட்டு ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் விட்டவற்றில் சில, நமக்குத் தென்மேற்கே, கிட்டத்தட்ட உச்சியில், 75ஐச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கின்றன.

இதே குணத்தைச் சந்திரனிலும் காணலாம் என்று மருமகளுக்குச் சொன்னேன். சந்திரன் கடலை இழுத்து வீங்க வைக்கிறது. பூமி வேகமாகச் சுழல்வதால் அந்த வீக்கம் சந்திரனுக்குச் சற்று முன்னால் போய்விடுகிறது. போய், சந்திரனை முன்னோக்கி இழுக்கிறது. முன்னோக்கி இழுபட்ட சந்திரன் மேலே ஏறுகிறது, வேகம் குறைகிறது. 1969இல் அப்பலோ-11 வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசரைப் பட்டுத் தெறிக்க வைத்து அளந்ததில் வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகுவது தெரிகிறது. அந்தச் சக்தி பூமியின் சுழற்சியில் இருந்து போவதால் நம்முடைய நாளும் நூற்றாண்டுக்குச் சுமார் 2 மில்லிசெக்கன் நீள்கிறது. இப்படியே போனால் ஒரு நாளும் ஒரு மாதமும் ஒரே நீளமாகி, சந்திரனும் ரீவி செய்மதி போல ஒரே இடத்தில் நிற்கும். உலகத்தின் பாதிக்கு அது எப்போதும் தெரியும், மற்றப் பாதிக்குத் தெரியவே தெரியாது.

“அப்ப எங்களுக்குத் தெரியுமோ, ரொறன்ரோவில இருக்கிற ஆக்களுக்கோ?”

அதற்குப் பல ஆயிரம் கோடி வருடம் வேண்டும், அதற்கு வெகு முன்பே சூரியன் பெருத்துவிடும் என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “ரொறன்ரோ ஆக்களுக்குத்தான் குடுப்பாங்கள்,” என்று சொல்லிவிட்டுக் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் போனாள்.